சங்கச் சீட்டில் பேர் இல்லாதவர்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நம் சபைகள் சேர்ந்த வட்டாரமான சேகரத்தின் கமிட்டி அங்கத்தினர்களான ஐயாமார், அம்மாமார், தம்பிமார் அனைவருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

கமிட்டிக்குச் சொல்ல வேண்டியதைக் கமிட்டியில் சொல்லாமல் ஏன் ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுகிறீர் என்று கேட்பீர்கள். வருகிற கூட்டத்துக்கான தீர்மானத்தின் நகல் என் கைக்கு வருவதற்கு முன்பே சபை வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. என்னைப் போலவே போதகரான பக்கத்துச் சேகரத்து ஐயர் போன் போட்டு, "என்ன ஓய், உம்ம மேல தீர்மானமாமே?" என்று விசாரித்தும் ஆகிவிட்டது. அப்புறம் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

தீர்மானம் சொல்வது இதுதான். சபை மண்டபமும், அசனம் என்கிற சபை விருந்துக்கான பாத்திரங்களும், சங்கம் என்கிற சந்தாவில் பாக்கி இல்லாத குடும்பங்களுக்கு மட்டுமே தரப்படும். கல்லறைத் தோட்டமும் அப்படியே. ஐயர் சபையார் அல்லாதவர்களின் காரியத்துக்குப் போவதானால் செயலரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட்ரோல் சபைக் கணக்கில் வராது.

பெட்ரோல் சங்கதியை முதலில் முடித்துவிடலாம். கிளைச் சபை ஆராதனைகளுக்கும் கவுன்சில் கூட்டத்துக்கும் போய்வருகிற பெட்ரோலை மட்டும்தான் நான் சபைக் கணக்கில் எழுதுகிறேன். வவுச்சர்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். அதில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கிற பேச்சை. "நாங்க கட்டுற சங்கத்துல சம்பளம் வாங்கிட்டு ஐயரு ஊராருக்கு ஊழியம் பாக்காரு." கோயில் வராந்தாவில் சொன்னது, என் காதுக்கும் வந்தது. சொன்னவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சங்கம் என்றால் வெளியில் இருக்கிறவர்களுக்கு ஏதோ அமைப்பு என்று தோன்றும். ஒவ்வொரு குடும்பமும் சபைக்குக் கட்டுகிற சந்தாவைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். நூறு நாள் வேலைக் கூலியில் அதை எடுத்துவைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தருகிற அம்மாமாரை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவர்களுக்கு என்மேல் உரிமை உண்டு. படுக்கையில் கிடக்கிறவருக்கு நற்கருணை கொண்டுபோவது, சாவு வீட்டுக்கு உடனே போய் நிற்பது, கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பது, நற்கருணை எடுக்கப்போகிறவர்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பது எல்லாம் என் முதல் கடமை. இதில் எங்கே குறை என்று கமிட்டியில் கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் இதோடு என் வேலை முடிந்துவிட வேண்டும் என்று நீங்கள் நிஜமாகவே விரும்புகிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குச் சாட்சியே நீங்கள்தான்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அந்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறி, குளங்கள் உடைந்து, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் ஆத்தூர்ப் பக்கமும் தனித்தனித் தீவாகிப்போயின. கரண்டு இல்லை, போனில் டவர் இல்லை. நம் கோயில் மேட்டில் இருக்கிறது என்பதால் இருட்டோடு இருட்டாக ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்த பாட்டி, வழியில் மாட்டிக்கொண்ட லாரி டிரைவரும் கிளீனரும்.

மண்டபச் சாவி வந்தது. அசனக் கிடாரங்களைப் பரணிலிருந்து இறக்கினோம். விறகெல்லாம் ஊறிப்போய்ப் புகைந்ததே தவிர எரியவில்லை. கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளை அண்ணன்தான் யோசனை சொன்னார்: பின்னறையில் கிடந்த உடைந்த பெஞ்சுகளை உடைத்தோம். பழைய தேக்கு நின்று எரிந்தது. கிறிஸ்மஸ் சீரியல் லைட்டுக்காக வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஜெனரேட்டரில் தண்ணீர் மோட்டார் ஓடியது. இன்றைக்கு இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கிற ஐயா, அன்றைக்குத் தன் கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். யார் அரிசி, யாருக்குச் சோறு என்று அவர் கேட்கவில்லை. அந்த வரிசையில் நின்று யாராவது சங்கச் சீட்டு கேட்டிருந்தால் அவரே அவனைத் தண்ணீரில் தள்ளியிருப்பார்.

நாம் மட்டும் செய்யவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுவிட்டது. முன்னாலும் தண்டவாளம் இல்லை, பின்னாலும் போக வழியில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டி அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். தங்கள் ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது! ஊர்க் கோயில் என்றால் அங்கேயும் வரிதாரர் கணக்கு உண்டு. கொடைத் திருவிழா நடத்த வரி போடுவார்கள், வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கோயிலில் மரியாதை. நம் சங்கம் மாதிரிதான். 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாத்தார், கடலோரத்து இந்து மீனவக் குடும்பங்களைத் தாங்கினார்கள். ஜமாத்துக்கும் சந்தா இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. எல்லோரிடமும் நோட்டு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். தேவைப்பட்ட நேரத்தில் யாரும் அந்த நோட்டைத் திறக்கவில்லை.

சரி, வெள்ளம் என்றால் யாரும் செய்வார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உடம்பில் ஒரு வேகம் இருக்கும்போது, கதவைத் திறப்பது பெரிய காரியமில்லை. கஷ்டம் எங்கே என்றால் சாதாரண செவ்வாய்க்கிழமையில். யாரும் சாகக் கிடக்கவில்லை, செய்தியில் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் அடிக்கிறது. அந்த நாளில் ஐயர் எங்கே போகிறார் என்பதுதானே உங்கள் கேள்வி? சொல்கிறேன்.

பெரும்பாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு. நம் சபையார் ஒருவரைப் பார்க்கத்தான் போவேன். ஜெபம் பண்ணி எழுந்தால் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "சாமி, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று குரல் வரும். நெற்றியில் திருநீறு இருக்கும், கையில் கறுப்புக் கயிறு இருக்கும். ஜெபத்துக்கு இரண்டு நிமிஷம். அதற்குப் பிறகுதான் நிஜமான விஷயம் வரும். ஸ்கேன் எடுக்க எந்த பிளாக் என்று தெரியவில்லை. காப்பீட்டு அட்டையில் வீட்டுக்காரர் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. டாக்டர் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த சீட்டை மூன்று நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சீட்டைப் படித்துச் சொல்லவும், காப்பீட்டு கவுண்டரில் வரிசையில் நிற்கவும் குருப்பட்டம் தேவையில்லை. ஆனால் வெள்ளை அங்கி போட்டவன் கூட வந்தால் கவுண்டரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிறார். அந்த நிமிர்ந்து பார்த்தலை நான் பக்கத்துக் கட்டில்காரருக்கும் செலவழிக்கிறேன், அவ்வளவுதான். இதற்குச் செயலரிடம் முன்கூட்டியே எப்படிச் சொல்வது? பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பார் என்று கர்த்தர் எனக்குக் காலையில் சொல்லியனுப்புவதில்லை.

கல்லறைத் தோட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனசு கனக்கிறது.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் யார்? நம்மிலிருந்து போனவர்கள். பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ வருத்தத்தில், சில நேரம் ஒரு தேர்தல் சண்டையில், பந்தல் போட்டு நடத்துகிற ஒரு தனி சபைக்குப் போயிருப்பார்கள். அங்கே கைதட்டிப் பாட இடம் இருக்கிறது, புதைக்க இடம் இல்லை. செத்த பிறகுதான் அது வீட்டாருக்கு உறைக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மகன் வந்து கதவைத் தட்டுகிறான். "ஐயா, எங்க அப்பாவோட அப்பா, அம்மா எல்லாம் இங்கதானே இருக்காங்க." உண்மைதான். அவனுடைய தாத்தா கல்லறையின் சிலுவைக்கு இன்னும் நாம்தான் சுண்ணாம்பு அடிக்கிறோம். அப்போது நாம் நோட்டைத் திறந்து பாக்கியைக் கூட்டுகிறோம். அவன் மாமனாரிடம் ஒருகை, கடைக்காரரிடம் ஒருகை என்று வாங்கிக்கொண்டு வருகிறான். ஐஸ் பெட்டிக்கு வேறு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்படி வசூலித்த பணத்தில் சுற்றுச்சுவர் கட்டினோம் என்று சொல்வார்கள். கட்டியிருக்கலாம். சங்க பாக்கியை வசூலிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உயிரோடு இருக்கும்போது போய்க் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் மனிதன் எதற்கும் கையெழுத்துப் போடுவான். அப்படி வாங்குகிற பணத்தை நற்கருணை மேசைக்கு முன்னால் காணிக்கைத் தட்டில் வைத்துப் படைக்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் கமிட்டி நோட்டில் எழுதாத விஷயம். நம் பதிவேட்டில் இருக்கிற குடும்பங்கள் எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்று பாருங்கள். கீழத்தெருவில் ஒரு குடும்பமாவது உண்டா? கிடையாது. ஆகவே "சபையாருக்கு மட்டும்" என்று தாளில் எழுதினால், ஊரில் அது "இந்தத் தெருக்காரருக்கு மட்டும்" என்றுதான் வாசிக்கப்படும். தீர்மானம் எழுதியவர் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. வடக்கன்குளத்து ஆர்.சி. கோயிலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே பீடம், அதற்கு முன்னால் கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு நடைக்கூடம்; ஒரு சாதியார் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம், நடுவில் சுவர். 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். அதற்குச் சண்டை, வழக்கு எல்லாம் நடந்தது. அவர்களாவது செங்கல் வைத்துக் கட்டினார்கள், இடிக்க முடிந்தது. நாம் தீர்மானத்தால் கட்டினால் எந்த இடத்தில் கடப்பாறை போடுவது?

அசனத்தையே பாருங்களேன். வருஷத்துக்கு ஒருமுறை கறிக்குழம்பும் சோறுமாக ஊரையே உட்காரவைத்துப் போடுகிறோம். கீழத்தெரு பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து வீட்டில் இருக்கிற ஆச்சிக்கும் வாங்கிப் போகிறார்கள். அதில் நமக்கு எவ்வளவு பெருமை! அந்தக் கிடாரத்தையே அதே கீழத்தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கேட்டால் மட்டும் பதிவேடு ஏன் வருகிறது? பாத்திரம் அடிபடும் என்றால் வாடகையும் முன்பணமும் வாங்குங்கள். அது நியாயம், எல்லோருக்கும் ஒரே ரேட்டாக இருக்கட்டும்.

என்னைப் பற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. வெளியே இருக்கிறவர்களில் சிலர், "ஐயரு ஆள் சேர்க்க வாராரு" என்று சந்தேகப்படுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள், "இவ்வளவு அலையுதீங்களே, எத்தனை பேரு ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம். சுவிசேஷத்தை நான் பீடத்திலிருந்து ஒளிக்காமல் சொல்கிறேன், கேட்கிறவர் கேட்கட்டும். ஆனால் காப்பீட்டு கவுண்டரில் ஒருவருக்காக வரிசையில் நின்றுவிட்டு, அதற்குப் பதிலாக அவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கேட்க மாட்டேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு நம் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். விசுவாசத்தில் வந்தார்களா, கஞ்சிக்கு வந்தார்களா என்று அப்போதே மிஷனரிமாருக்குள் பேச்சு. அந்தப் பேச்சின் மிச்சம்தான் இன்றைக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து வீசப்படுகிற பரிகாசம். நிஜமாகவே மனசு மாறி வந்த பூட்டன் பூட்டிகளுக்கும் அந்தக் கறை ஒட்டிக்கொண்டது. கஞ்சியையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் கெட்ட பேர்.

நம் முன்னோர் இதில் நம்மைவிட விசாலமாக இருந்தார்கள் என்று முழுசாகச் சொல்ல மாட்டேன்; அவர்களுக்குள்ளும் எல்லாம் இருந்தது. ஆனாலும் 1876-ல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு வந்து, 1908-ல் சாகும்வரை அங்கேயே ஊழியம் செய்த மிஷனரி மர்காஷிஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், தொழிற்பள்ளி, வைத்தியம் என்று அவர் கை வைத்ததெல்லாம் ஊருக்கே பொதுவாக இருந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்றும் இருக்கிறது. அங்கே சேர வருகிற பிள்ளையின் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை யாரும் கேட்பதில்லை. நம் டயோசிஸ்களின் பள்ளிகளைப் பற்றி வெளியில் பேசும்போது, "இன்ன கலெக்டர் நம்ம ஸ்கூல்ல படிச்சவரு" என்று எந்த மதத்துக்காரராக இருந்தாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமை வேண்டுமென்றால் கதவும் வேண்டும்தானே?

வேதத்திலிருந்து ஒரு இடம் மட்டும். லூக்கா 4. ஆண்டவர் தாம் வளர்ந்த நாசரேத்து ஜெப ஆலயத்தில் எழுந்து வாசிக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம், நம்ம யோசேப்பு மகன் என்ன அழகாகப் பேசுகிறான் என்று. பிறகு அவர் சொல்கிறார்: எலியாவின் நாளில் பஞ்சம் வந்தபோது இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும், அவன் அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சரெப்தா ஊர் விதவையிடம். எலிசாவின் நாளில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுத்தமானவன் சீரியாக்காரன் நாகமான். அவ்வளவுதான், ஜெப ஆலயமே எழுந்து அவரை மலைச்சிகரத்திலிருந்து தள்ளக் கொண்டுபோகிறது. சிலுவைக்கு வெகு காலம் முன்பே அவரைக் கொல்லத் துணிந்தது சொந்த ஊர்ச் சபை. காரணம், அவர் வெளியாரைப் பற்றிப் பேசியது. நீங்கள் எனக்குத் தீர்மானம்தான் போட்டிருக்கிறீர்கள். அந்த வகையில் நான் பாக்கியவான்.

சரி, என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பொறுத்தவரை, அடக்கம் நடந்து முப்பது நாள் கழியும்வரை பாக்கிப் பேச்சை எடுப்பதில்லை என்று எழுதிக்கொள்வோம். முன்னோர் அங்கே கிடக்கிற எந்தக் குடும்பத்துக்கும், இப்போது எந்தச் சபைக்குப் போனாலும், குழி இல்லை என்று சொல்ல வேண்டாம். யாருமே இல்லாமல் சாகிற வடநாட்டுத் தொழிலாளிக்கும் வேலியோரமாக ஒரு வரிசை ஒதுக்கலாம். இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். மண்டபத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரே வாடகைப் பட்டியல், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மழைக்காலத்தில் மண்டபச் சாவி ராத்திரியில் கோயில்பிள்ளை அண்ணனிடம் இருக்கட்டும். போன தடவை சாவி தேடியதில் போன நேரம் உங்களுக்கே நினைவிருக்கும்.

வீடு சந்திப்பு குறைகிறது என்பதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. சேகரம் பெரிசு, ஆள் ஒருவன். கமிட்டியில் இருக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் வாரம் இரண்டு வீடு எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எல்லா முதியோரையும் பார்த்துவிடலாம். பெண்கள் ஐக்கியத்தார் இதைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பட்டியலும் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் செவ்வாய்க்கிழமை என்னோடு ஐகிரவுண்டுக்கு வந்தால் இன்னும் நல்லது. பைக்கில் பின்னால் இடம் இருக்கிறது, பெட்ரோல் என்னுடையது.

மே மாதம் மாறுதல் பட்டியலில் என் பெயர் வரலாம். வந்தால் அடுத்து வருகிற ஐயருக்கு இந்தத் தீர்மானம்தான் வரவேற்புப் பத்திரமாக இருக்கும். அவர் இளவயதுக்காரராக இருந்தால், கமிட்டி சொன்னதே சட்டம் என்று பதிவேட்டுக்குள்ளேயே ஊழியத்தை முடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்வார். அது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கூட்டம். வாக்கெடுப்பு நடத்துங்கள், முடிவு எதுவானாலும் மினிட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். என் எதிர் வாக்கையும் சேர்த்து எழுதுவேன். கமிட்டி ரூமில் ஃபேன் இன்னும் சரியாகவில்லை. வராந்தாவிலேயே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வெளியே நின்று கேட்க விரும்புகிறவர்கள் கேட்கட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஐயர்